டிலனாயும் எட்டு லட்சமும்

நாகர்கோவிலில் புதிதாக ஸ்டார்ட்அப் தொடங்குகிற எவருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு குழப்பம் வந்துவிடுகிறது: வேலைக்கு ஆள் வைப்பதா, வேலையை வெளியே கொடுப்பதா? ஆள் வைத்தால் சம்பளம், பி.எஃப்., போனஸ், ஊரில் அம்மன் கொடை வந்தால் மூன்று நாள் லீவு, கொடை முடிந்த களைப்புக்கு இன்னொரு நாள். வெளியே கொடுத்தால் மாதம் ஒரு பில், அதன் கீழே ஜி.எஸ்.டி., சோலி முடிந்தது. இதற்கு விடை தேடி நம் பிள்ளைகள் கலிபோர்னியாக்காரர்களின் வீடியோக்களை இரவு முழுக்கப் பார்க்கிறார்கள். இரண்டு வழியையும் சொந்தக் காசு போட்டுச் சோதித்துப் பார்த்த நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகம் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரத்தில் இருந்தது. அதன் கணக்கு வழக்கு முழுவதும் வரலாற்றுப் புத்தகங்களில் கிடக்கிறது. வீடியோ இல்லை என்பதால் யாரும் பார்ப்பதில்லை.

1729இல் மார்த்தாண்ட வர்மர் பட்டத்துக்கு வந்தபோது கைக்கு வந்தது வேணாடு என்ற சின்ன நாடு. பங்குதாரர்களாக எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள். மன்னரை எப்போது தூக்கலாம் என்பதைத் தவிர வேறெதிலும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்ததாகத் தெரியவில்லை. போட்டிக் கம்பெனியோ டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. உலக வரலாற்றிலேயே பெரிய அவுட்சோர்சிங் என்று அதைச் சொல்லலாம். கடல் வணிகம், கோட்டை, பீரங்கி, போர், சமாதானம் என்று ஒரு அரசு செய்ய வேண்டிய அத்தனையையும் நெதர்லாந்து 1602இல் ஒரு வியாபாரக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் கூட்டமும் சண்டைக்குச் சொந்த ஊர்க்காரர்களை மட்டும் நம்பவில்லை. கூலிக்கு யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் அது தோற்றபோது சிக்கியவர்களில் ஒருவரான டிலனாய்கூட டச்சுக்காரர் இல்லை, பிளாண்டர்ஸ் பக்கத்து ஆள். மன்னர் அவரைக் கொன்றிருக்கலாம், விலை பேசி விட்டிருக்கலாம். வேலை கொடுத்தார். போர்க்களத்திலேயே இன்டர்வியூ, சிறையில் ஆஃபர் லெட்டர், ராஜினாமா செய்ய வழியில்லாத பணி ஒப்பந்தம். இந்தக் கடைசி அம்சத்தை மட்டும் இன்றைய எச்.ஆர். மேலாளர்கள் படிக்காமல் தாண்டிவிடுவது நல்லது.

வந்தவர் 1777இல் சாகும்வரை 36 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்தார், அதற்குள் பீரங்கி வார்க்கும் பட்டறை போட்டார், வேல் பிடித்த கைகளுக்குத் துப்பாக்கியும் அணிவகுப்பும் பழக்கினார். அந்தப் படையோடுதான் வேணாடு திருவிதாங்கூராகி, காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று வடக்கே விழுங்கிக்கொண்டே போனது. 'வலிய கப்பித்தான்' என்று பட்டம் கட்டினார்கள். கல்லறையும் உதயகிரிக்குள்தான், கல்வெட்டில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது. வெளிநாட்டுக்காரனை வைத்துக்கொண்டது அவுட்சோர்சிங்தானே என்று கேட்கலாம். ஆளின் பிறந்த ஊர் இங்கே பொருட்டே இல்லை. யாருடைய சம்பளம், யாருடைய உத்தரவு, படித்த வித்தை யார் வீட்டில் தங்குகிறது என்பதுதான் கணக்கு. 'ஆறு மாதம் பழக்கிவிட்டால் பயல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் பஸ் ஏறிவிடுகிறான், வித்தை எங்கே தங்கும்?' என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். டிலனாய் செத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1789 டிசம்பரில் மைசூரின் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் வடக்கு அரணான நெடுங்கோட்டையை முதல் தடவை தாக்கியபோது அவரைத் திருப்பி அனுப்பியது டிலனாய் காலத்துப் படையும் அரணும். போகிறவன் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறான் என்று பார்க்கிற முதலாளிக்கு அந்தப் பஸ் பெரிய நஷ்டமில்லை. முதலாளி எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. டிலனாயிடம் கேட்டறிந்து கிறிஸ்தவரான அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, தேவசகாயமாக 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதையும் இதே நிறுவனம்தான் செய்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இனி வெளியே கொடுத்த கதை. திப்பு மறுபடி வந்தார், 1790இல் நெடுங்கோட்டை உடைந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி மைசூர் மீது போர் தொடுத்ததால்தான் திப்பு திரும்பிப் போனார் என்பதை மறைக்க முடியாது. ஆகவே 1795இல் பாதுகாப்பைக் கும்பினிக்கு ஒப்பந்தம் விட்டது அன்றைக்குப் புத்திசாலித்தனமாகவே தெரிந்திருக்கும். சிக்கல் 1804இல் வந்தது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி அப்போது தளவாய், அதாவது முதன்மை அமைச்சர். கஜானா காலி என்று நாயர் படையின் படியில் கை வைத்தார், படை கலகம் செய்தது. அவரும் கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலேயிடம் போய் நின்று, கும்பினி உதவியோடு கலகத்தை அடக்கினார். (நமக்கு இங்கிலீஷ் படிப்பைக் கட்டிவிட்ட மெக்காலேக்கு இவர் பெரியப்பா. அந்தக் குடும்பத்துக்கு நம்மேல் தலைமுறை தாண்டிய அக்கறை.) சொந்த ஊழியரோடு சம்பளத் தகராறு, அதைத் தீர்த்துவைக்க ஒப்பந்தக்காரர்! 1805இல் புது ஒப்பந்தம் நீட்டப்பட்டது. ஆண்டுக்கட்டணம் 8 லட்சம் ரூபாய் அளவுக்கு ஏறியது. பணம் ஒழுங்காக வராது என்று சந்தேகம் வந்தால் நிர்வாகத்தில் கை வைக்கும் உரிமை கும்பினிக்கு. கும்பினி சொல்லும் ஆலோசனைக்கு மன்னர் எப்போதும் செவிசாய்க்க வேண்டும். பொடி எழுத்துக்களை யாரும் படிப்பதில்லை என்பது செல்போன் காலத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து நடந்தது கணக்குப்பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிந்த கதை. பாக்கி விழுந்தது, நெருக்கினார்கள், வேலுத்தம்பி 1809 ஜனவரியில் குண்டறையில் கும்பினிக்கு எதிராக அறைகூவல் விட்டார். பிப்ரவரி 10ஆம் தேதி ஆரல்வாய்மொழி அரண் உடைந்தது. டிலனாயின் உதயகிரியும் கும்பினி கையில் விழுந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் விட்டார், மன்னரின் சொந்தப் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. கூலி 1795இல் பேசிய இடத்தில் நிற்காததன் காரணம் இதுதான்: நம் கையில் வேறு ஆள் இருக்கும்வரை ஒப்பந்தக்காரர் விலை பேசுவார். இல்லையென்று தெரிந்த நாளிலிருந்து விலை சொல்வார். 'வெளியே கொடுத்தால் மலிவு' என்று காட்டுகிற எக்செல் தாள்கள் முதல் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. பத்தாவது ஆண்டின் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் ஆள் வைக்க வேண்டுமா? நாஞ்சில் நாட்டில் எவ்வளவு பெரிய தோப்புக்காரரும் தேங்காய் வெட்ட மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்ததில்லை. நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற வேலைக்கு, வருகிறவர் வந்து ஏறிவிட்டுப் போனால் போதும். ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டரிடம் கொடுங்கள், லோகோவை யாரும் வரையட்டும், ஆபீஸ் கூட்டுவதற்கும் ஏஜென்சி இருக்கிறது. ஆனால் எந்த வேலை ஒரு வாரம் நின்றால் வாடிக்கையாளர் உங்களை விட்டு அந்த வேலையைச் செய்பவரைத் தேடிப் போவாரோ, அதற்கு ஆளை வையுங்கள், லீவையும் கொடையையும் பொறுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் வெளியே கொடுத்தது தேங்காய் வெட்டை இல்லை, வாசல் காவலை.

கடைசியாக ஒரு மறுப்பு, கொஞ்சம் கனமானது: வெளியாள் நம்மைவிட நன்றாகச் செய்தால்? செய்தார். 1811இல் ரெசிடெண்ட் மன்றோவையே ராணி கௌரி லட்சுமி பாய் திவானாகவும் ஆக்கினார். ஒப்பந்தக்காரரின் மேலாளர் நம் தலைமை நிர்வாகியாகவும் உட்கார்ந்தார். மனிதர் திறமைசாலி. நிர்வாகத்தைச் சீர்செய்தார், அவர் காலத்தில் 1812இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக அரசாணையும் வந்தது. குடிமக்களுக்கு அது லாபம் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். கம்பெனி யாருடையது என்று கேட்டால்தான் பதில் சொல்லச் சிரமமாக இருக்கிறது. 1814இல் மன்றோ திவான் வேலையை விட்டு எழுந்தார், கட்டணம் எழவில்லை. கும்பினி ஒழிந்து விக்டோரியா வந்து, அவரும் போன பிறகு, 1906இல் நாகமையா திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலை வெளியிட்ட காலத்திலும், சமஸ்தானம் அந்தச் சுமார் 8 லட்சத்தை ஆண்டு தவறாமல் கட்டிக்கொண்டிருந்தது.