தராசடியில நிக்கவளுக்கு

வாட்டி, உத்தியோகக்காரி. இந்தத் திண்ணையில சித்த உக்காரு. செவ்வாய்க்கிழமை நீ வேலை பாக்குத ஆஸ்பத்திரிக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்த கிழவி, மாத்திரைய முந்தியில முடிஞ்ச பொறவும் வீட்டுக்குப் போவல. பூவரச மரத்தடியில இருந்து ஒரு மணி நேரமா உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பிள்ளைத்தாச்சியெல்லாம் செக்கப்புக்கு வார நாளுல்லா? என்ன மிடுக்கு, என்ன சத்தம்! என் பேத்தி ஒரு கத்து கத்துனா பெரியதாழைத் தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் கெடக்க வள்ளம்கூடக் கரைக்குத் திரும்பிரும் போல.

ஒருத்தியத் தராசுல ஏத்திட்டு "நாப்பத்தொண்ணு!"ன்னு கூவுனியே, ஏலம் கேக்க ஆள் வராததுதான் குறை. சாளைக் கூடைக்கும் சூலிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு மக்கா. கூடைக்கு வெக்கம் கிடையாது. "போன மாசமும் இதே எடைதான, வீட்டுல சோறு போடலையா?"ன்னு வேற கேட்ட. அவ மாமியாக்காரி பின்னாலதான் நின்னா. நீ சும்மா கேட்டுட்ட. அந்தச் சோத்துக் கணக்க அவ ராத்திரி மருமவகிட்ட வட்டியோட வசூலிச்சிருப்பா. எடைய நோட்டுல எழுது, கூடலன்னா நர்ஸம்மா காதுல சொல்லு. ஏத்துததுக்கு முன்னால முள்ளு பூஜ்யத்துல நிக்கான்னு பாரு. கைப்பை, போனு, செருப்பு எல்லாத்தையும் இறக்கி வைக்கச் சொல்லு. மீன் யாவாரி தராசுல விரல் வச்சா நமக்கு நாலு ரூவாதான் நட்டம். இங்க எடை தப்புனா ரெண்டு உசிருல்லா.

செருப்பக் கழத்தச் சொல்லுதியே, அப்ப அந்தக் காலப் பாத்தியாட்டி? டாக்டரம்மா வயித்தப் பாப்பா, நர்ஸம்மா அட்டையப் பாப்பா. காலு உன் கண்ணுக்கு முன்னாலதான் நிக்கும். மூணாவதா ஏறுனாளே, அவ கொலுசு சதைக்குள்ள புதைஞ்சி கெடந்துச்சு. போன மாசம் அதே கொலுசு கலகலன்னு ஆடுனத நான் பாத்தேன். கணுக்கால்ல பெருவிரல வச்சி அமுக்கி எடுத்தா ஈர மணல்ல கால் தடம் மாதிரி குழி நிக்கும். கால் வீங்குதது நிறையப் பேருக்கு உள்ளதுதான். மூஞ்சியும் கையும் வீங்குச்சுன்னாலோ, தலவலி, கண்ணு மங்குது, பிள்ள அசைவு குறைஞ்சிருக்குன்னு சொன்னாலோ, வரிசை கிரிசைன்னு பாக்காத. நேரா உள்ள கூட்டிட்டுப் போ. பிரஷர் 140-க்கு 90-ன்னு ஏறுனா அது எனக்கு இருக்க பிரஷர் மாதிரி இல்ல. வலிப்பு வரைக்கும் இழுத்துட்டுப் போயிரும். இன்னொண்ணு, ஓடி வந்தவளுக்கு உடனே பிரஷர் பட்டையச் சுத்த விடாத. அஞ்சு நிமிசம் பெஞ்சில இருக்கட்டும், ஒண்ணுக்குப் போயிட்டு வரட்டும். "கக்கூசு எங்க இருக்கு?"ன்னு கேக்கக் கூச்சப்படுதவளுக்கு வழி காட்டுததும் உன் உத்தியோகந்தான்.

இரும்புச் சத்து மாத்திரை 180 நாளு தின்னணும்பாவ. "முழுங்குதியா?"ன்னு டாக்டரம்மா கேட்டா எல்லாவளும் தலையாட்டுவா. கழுத்துல குழல் மாட்டாத உன்கிட்டதான் உண்மை வரும். "யக்கா, அதத் தின்னா வெளிக்கி கறுப்பாப் போவுது, பிள்ளையும் கறுத்துருமாம்லா"ன்னு. கறுப்பாப் போறது மாத்திரையோட வேலை. பிள்ள நிறம் அப்பன் ஆத்தாகிட்ட இருந்து வார சொத்துன்னு சொல்லு. டீயோட முழுங்குனா இரும்பு உடம்புல சரியா ஒட்டாது, எலுமிச்சங்காத் தண்ணியோட முழுங்குன்னும் சொல்லு. பொறவு அவ சொன்னத நர்ஸம்மாகிட்ட சேத்துரு. ரத்தம் 11-க்குக் கீழ ஏன் கெடக்குன்னு அங்க மண்டையப் பிச்சுக்கிட்டு இருப்பாவ. மாத்திரை அவ வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால கெடக்கும்.

சக்கரைத் தண்ணி குடிக்க நாளு இன்னும் வேடிக்கை. மெட்ராசு சேஷையா டாக்டரு விடாம வலியுறுத்துன சோதனை அது. 75 கிராம் குளுக்கோஸக் கலக்கிக் குடுத்து, ரெண்டு மணி நேரம் கழிச்சி ரத்தம் எடுத்து, 140-ஐத் தொட்டா சக்கரை. அந்த ரெண்டு மணி நேரத்துல ஒருத்தி பின் கேட்டு வழியாப் போயி உளுந்தவடை தின்னுட்டு வாயத் தொடைச்சிக்கிட்டு வந்தா. நீ போனுல படம் பாத்துக்கிட்டு இருந்த. படம் நல்லா இருந்துச்சா? அந்தப் பெஞ்சில போயி ஒக்காருட்டி. புருசன் குடிக்கது, முதப் பிள்ள தங்காமப் போனது, எல்லாம் அந்த ரெண்டு மணி நேரத்துலதான் உதிரும்.

இப்படிப் பக்கத்துல இருந்து பாக்குதது இன்னைக்கு நேத்து வேலை இல்லட்டி. நம்ம சவேரியாரு 1542-ல இந்தக் கரைக்கு வந்த கையோட ரோமாபுரிக்கு ஒரு கடுதாசி போட்டாரு. ஒரு ஊருல, கொம்புத்துறைன்னு பெரியவிய சொல்லுவாவ, ஒருத்தி மூணு நாளா பிரசவ வலியில கெடந்தா. இவரு போயி வேதம் சொல்லி ஞானஸ்நானம் குடுத்தாரு, பிள்ள பொறந்துச்சுன்னு. பிரசங்கத்துல இதக் கேக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறுக்குப் புத்தி. அந்த மூணு நாளும் அவளுக்குத் தண்ணி குடுத்தது யாரு? துணி மாத்துனது யாரு? இடுப்ப நீவி விட்டது யாரு? புனிதர் வார வரைக்கும் அவ உசிரப் பிடிச்சி வச்சவ ஒருத்தி இருந்திருப்பால்லா. உனக்கு முன்னால இந்த வேலையப் பாத்தவ அவதான். சம்பளம் அப்பவும் தாமசந்தான்.

சம்பளம்னு சொன்னதும் மூஞ்சி சுண்டுது பாரு. முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவித் திட்டத்துல பணம் வரலன்னா எல்லாவளும் உன்னத்தான் முறைப்பா, நீ எடுத்து முழுங்குன மாதிரி. பிள்ளைத்தாச்சியப் பதிஞ்ச பிக்மி நம்பரையும் பேங்கு புக்கையும் சரி பாத்து விடு, பேச்சு நிக்கும். கை மட்டும் நீட்டிராத. என் இளைய மவ பிரசவத்துக்கு ஒரு ஆஸ்பத்திரியில, பேரு என்னத்துக்கு, பிள்ளையத் துணியில சுத்திக்கிட்டு நின்னவ, ஆம்பளப் பிள்ளைக்கு 500, பொம்பளப் பிள்ளைக்கு 300ன்னா. சந்தையிலகூட சினை மீனுக்குத்தான் விலை சாஸ்தி, இது என்னட்டி தலைகீழ் ஏலம்னு கேட்டுட்டு 300-ஐக் குடுத்தேன். இன்னைக்கும் அவ என்னக் கண்டா முக்காடு போடுவா.

கையக் கட்டுனா போதாது, வாயையும் கட்டணும். நேத்து வலை மடக்குத எடத்துல, "கீழத்தெருக்காரி எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தா?"ன்னு ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேட்டேன்லா? நீ மாசக் கணக்கு, ரத்த குரூப்பு, ஸ்கேன் தேதி வரைக்கும் கொட்டிட்ட. எனக்கு எதுக்குட்டி அவ ரத்தம்? தூண்டில் போட்டுப் பாத்தேன். இரைகூடக் கோக்கல, நீயே வந்து கொத்திட்ட.

சரி, அத விடு. மேலத்தெருவுல புதுசாக் கட்டிக்கிட்டு வந்தவ செவ்வாய்க்கிழமை உன் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாளே, என்னவாம்?

என்ன முழிக்க? வாயில என்ன கொழுக்கட்டையா? நான் உன் சொந்தப் பாட்டிதானட்டி, யார்ட்ட சொல்லப் போறேன்?

ம். அப்படியா சேதி. சரி, அடுப்படியில சுறாப்புட்டு மூடி வச்சிருக்கேன், எடுத்துத் தின்னு.