பக்கத்து வயலைப் பார்!

கே: விதையை ஆராய வேளாண் விஞ்ஞானி இருக்கிறார். சமூகவியலாளருக்கு வயலில் என்ன வேலை?

ப: விதை மண்ணில் முளைக்கும் முன் மனசில் முளைக்க வேண்டுமே! அமெரிக்காவின் அயோவாவுக்கு ஒட்டுரக மக்காச்சோளம் 1928-ல் வந்தது. சமூகவியலாளர்கள் பிரைஸ் ரையனும் நீல் கிராஸும் 259 விவசாயிகளின் கதையைத் திரட்டினார்கள். 1941-க்குள் இரண்டே பேர் தவிர எல்லோரும் மாறியிருந்தார்கள்.

கே: விளைச்சல் கூடும் என்று தெரிந்தும் பல வருடம் தயங்கினார்களாமே, அவ்வளவு மந்தமா?

ப: உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் விதைக்கு நீங்கள் காசு கொடுப்பீர்களா? தன் வயலிலேயே நல்ல கதிராகப் பார்த்து எடுத்துவைத்தவர், இனி வருடா வருடம் விதை மூட்டைக்குப் பணம் கட்ட வேண்டும். அதுவும் கையில் காசே புரளாத 1930-களில்! அதனால் முதலில் ஒரு மூலையில் மட்டும் விதைத்துப் பார்த்தார்கள். இதை மந்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கே: கடைசியில் யார் பேச்சைக் கேட்டார்கள்?

ப: விதை வியாபாரி சொன்னது காதில் விழுந்தது; பக்கத்து வயல் கண்ணில் விழுந்தது. அதே அயோவாவில் எவரெட் ரோஜர்ஸ் என்பவரின் அப்பா ஒட்டுரகம் வேண்டவே வேண்டாம் என்றிருந்தார். 1936 வறட்சியில் அவர் பயிர் வாடிச் சாய்ந்தது. பக்கத்து வயலில் ஒட்டுரகம் நிமிர்ந்து நின்றது. மாறிவிட்டார். மகனோ, புதுமை எப்படிப் பரவுகிறது என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார்.

கே: அந்த ரையன் அப்புறம் எங்கே போனார்?

ப: சோளச் சீமையிலிருந்து நெல் சீமைக்கு! இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியர் அவர்தான்.