வெள்ளிக்கிழமை முட்டை விக்காத ஊர்

டோடோமா, தான்சானியா
22-9-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்க, அத்தை, பண்ணை எல்லாரும் சௌக்கியமா? போன்ல பேசுனா பாதிதான் கேக்குதுங்கறீங்க. அந்தப் பாதியும் கோழிச் சத்தம். அதனால காயிதத்துல எழுதி, போட்டோ புடிச்சு அனுப்பறேன். அத்தை படிச்சுச் சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே தாருஸ்ஸலாம் போய் எறங்கியிருக்கோணும். பம்பாயில அடிச்ச மழையில பிளேன் கெளம்பவே நேரமாயிருச்சு. எத்தியோப்பியாவோட அடிஸ் அபாபாவுல நாங்க எறங்கறதுக்குள்ள அடுத்த பிளேன் போயே போச்சு. இனி நாளைக்குக் காலையிலதான்னு சொல்லி, ஆளுக்கொரு சீட்டைக் குடுத்து ஓட்டலுக்கு அனுப்பிட்டாங்க. எத்தனையோ தடவை அந்த ஏர்போர்ட்டுல பிளேன் மாறியிருக்கறேன், ஊருக்குள்ள கால் வெச்சதில்லைங்க.

எனக்கொண்ணும் பயமில்லை. நீங்க லாரி ஓட்டுன காலத்துல நாக்பூர்ல ரிட்டன் லோடு கிடைக்காம, வண்டி நெழல்ல சோறாக்கித் தின்னுட்டுக் கெடந்த கதையெல்லாம் கேட்டு வளந்தவன்தானுங்களே. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர்பேர் தெரியாத எடத்துல ராத்திரி தங்காத ஆம்பளை எத்தனை பேரு? ஆனா எங்கூட ஒரு ராசிபுரத்துத் தம்பி வந்தான். எங்க போர் போடற ரிக்குல புதுசாச் சேந்த ஹெல்ப்பர். வயசு இருவது. ஆப்பிரிக்கான்னா வெயிலுன்னு நெனச்சு அரைக்கை பனியனோட கெளம்பி வந்தவன். அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல இருக்குதுங்க, நம்ம ஊட்டியைவிட ஒசரம். வாசலுக்கு வந்ததும் பையனுக்குப் பல்லு தந்தியடிக்க ஆரம்பிச்சிருச்சு. எங்க ரூம் மூணாவது மாடி. படியேறி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை உக்காந்துட்டான்.

குளிரைவிட அவனுக்குப் பெரிய கவலை ஒண்ணு இருந்துச்சு. புரட்டாசி பொறந்து அன்னிக்கு மூணாம் நாளு. விடிஞ்சா மொத சனிக்கிழமை. மாசம் முடியற வரைக்கும் கவிச்சி தொடமாட்டேன்னு நைனாமலைப் பெருமாள் பேர்ல அவங்கம்மா சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருக்காங்க. "அண்ணா, இந்த ஊர்ல எதுல எதைப் போட்டிருப்பானோ"ன்னு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில புடிச்சுட்டே உக்காந்திருந்தான்.

எங்களை ஓட்டலுக்குக் கூட்டிட்டு வந்த வேன் டிரைவருக்கு அம்பது வயசிருக்கும். கொஞ்சம் இங்கிலீஷு, மிச்சம் கைஜாடை. பையன் மொகத்தைப் பாத்துட்டு என்ன விசயம்னு கேட்டாரு. சொன்னேன். சிரிச்சுட்டு, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எங்களுக்கும் விரதம், வாங்கன்னு பக்கத்துச் சந்துல ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு.

மாமா, இனிமேத்தான் விசயம். உக்காந்து படிங்க. அந்த ஊர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்களுக்கு வாரத்துல புதனும் வெள்ளியும் விரதம். கறி இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. முட்டையும் இல்லை! ஈஸ்டருக்கு முன்னால ஒரேயடியா 55 நாள். அதுபோக இன்னும் பல விரதம். எல்லாம் கூட்டுனா வருசத்துல 180 நாளுக்குக் கொறையாதாம். நம்மூர்ல ஒரே ஒரு புரட்டாசிக்கு முட்டை வெலை எறங்குனாலே நீங்க தீவனக் கடைக்காரர் போனை எடுக்கறதில்லை. நாளைக்குப் பல கோடி முட்டை போடற நாமக்கல்லைத் தூக்கி அங்க வெச்சா என்னாகும்னு நெனச்சுப் பாத்தேன். சோறு எறங்கலை. முஸ்லிம்கள் நாட்டுல மூணுல ஒரு பங்கு இருக்காங்க, அவங்களுக்கு இந்த விரதமில்லை. இருந்தாலும் கோழிகளுக்கு யார் சொல்றது, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நிறுத்துங்கடீன்னு?

சாப்பாடு வந்துச்சு. இஞ்சராங்கறாங்க. டெஃப்னு ஒரு தானியம், ராகியைவிடப் பொடிசு. மாவைக் கரைச்சு ரெண்டு மூணு நாள் புளிக்க வெச்சு, அகலமான கல்லுல ஊத்தி, திருப்பிப் போடாம மூடி வெச்சு எடுக்கறாங்க. மேல பூராவும் கண்ணு கண்ணா ஓட்டை. ஆப்பத்தையும் பழைய மாவுத் தோசையையும் கட்டிக்குடுத்துப் பொறந்த புள்ளைன்னு வெச்சுக்கங்க. ஒரே தட்டு, அதுமேல ஒரு இஞ்சரா, அதுமேல பருப்பு, கீரை, கடலைமாவுக் கொழம்பு, முட்டைக்கோஸ்னு சுத்திச் சுத்தி வெச்சிருந்தாங்க. காரம் நம்மளுக்குத் தோதா இருந்துச்சு. தம்பி பிஸ்கட்டைக் கீழ வெச்சுட்டான்.

கொஞ்ச நேரத்துல டிரைவர் ஒரு துண்டு இஞ்சராவைப் பிச்சு, பருப்பை வெச்சுச் சுருட்டி, நேரா தம்பி வாய்கிட்டக் கொண்டுபோனாரு. பையன் மெரண்டு பின்னால சாஞ்சான். அவரு கையை எடுக்கலை. கடையில இருந்த அத்தனை பேரும் பாக்கறாங்க. மீசை மொளச்ச பொறகு அவங்காயா கையிலகூட வாங்கித் தின்னதில்லையாம்! கடைசியில வாயைத் தெறந்தான். அதுக்குக் குர்ஷான்னு பேரு, மரியாதைக்குச் செய்யறது. அப்புறம் எனக்கும் ஒண்ணு. பெருசு. மூச்சு விட முடியலை.

சாப்பிட்டானதும் காப்பி. தரையில பச்சைப் புல்லைப் பரப்பி, குட்டி முக்காலியில அந்தக் கடைக்காரம்மா உக்காந்து, பச்சைக் கொட்டையைக் கரி அடுப்புல வறுத்து, பொகை வர்ற சட்டியை ஒவ்வொருத்தர் மூக்குக்கிட்டயும் கொண்டுவந்து காட்டினாங்க. அப்புறம் பொடிச்சு, கருப்பு மண் கூஜாவுல கொதிக்க விட்டு, மூணு சுத்து. மூணும் குடிச்சாத்தான் மரியாதை. தொட்டுக்கச் சோளப்பொரி. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுல காப்பிச் செடி நட்டாரே, அந்த ஜாதிக்கு முப்பாட்டன் வீடு இந்த எத்தியோப்பியாக் காடுதான். பூர்வீகத்துக்கு வந்துட்டு வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? மூணையும் குடிச்சோம். டம்ளர் கணக்குல குடிக்கற நமக்கு அந்த மூணு கிண்ணமும் சேந்து அரை டம்ளர்தான், ஆனா அந்த அரை டம்ளரு ஆளைத் தூங்க விடாது.

அங்க சுவத்துல ஒரு காலண்டர். தம்பி பாத்துட்டு, "அண்ணா, பழைய காலண்டரைக்கூடக் கழட்டலை பாருங்க"ன்னான். 2018-ன்னு போட்டிருந்துச்சு. டிரைவர் சொன்னாரு, பழசில்லையாம், எட்டு நாளைக்கு முன்னாலதான் 2018 பொறந்துச்சாம். அவங்க வருசம் செப்டம்பர் 11-ல பொறக்குது, நம்மளைவிட ஏழெட்டு வருசம் பின்னால ஓடுது. அந்தக் கணக்குல கொரோனாவே இன்னும் வரலை. எனக்குக் கல்யாணமும் ஆகலை, இதை உங்க மருமககிட்டப் படிச்சுக் காட்டாதீங்க. அதுவுமில்லாம வருசத்துக்குப் பதிமூணு மாசம். முப்பது நாள் மாசம் பன்னெண்டு, கடைசியில அஞ்சோ ஆறோ நாள்ல ஒரு குட்டி மாசம். சீட்டுப் புடிக்கறவங்க யாரும் நம்மூர்ல இருந்து இன்னும் அங்க போகாததுதான் ஆச்சரியம்.

கெளம்பறப்ப, "காலையில ரெண்டு மணிக்கு வேன் கொண்டுவரேன்"னுட்டுப் போனாரு. நான் ரெண்டு கம்பளியைப் போத்திப் படுத்துட்டேன். தம்பிக்குக் காப்பி வேலை செஞ்சிருச்சு. தூக்கமில்லை. அண்ணனை எதுக்கு எழுப்போணும்னு, ராத்திரி ஒண்ணேமுக்காலுக்கே பொட்டியைத் தூக்கிட்டுக் கீழ போய் நின்னிருக்கான். வேன் வரலை. வாட்ச்மேன் கணப்புக்கிட்டக் கூப்பிட்டு உக்கார வெச்சு, சால்வையைப் போத்திவிட்டு, வறுத்த பார்லியை ஒரு கை குடுத்திருக்காரு. ரெண்டு பேரும் விடிய விடியப் பேசியிருக்காங்க. அவனுக்குத் தமிழ், அவருக்கு அம்ஹாரிக். என்ன பேசுனீங்கன்னா, "அவருக்கும் ரெண்டு தங்கச்சிண்ணா"ங்கறான்.

வேன் எட்டு மணிக்கு வந்துச்சு. டிரைவர் கையில கட்டியிருந்த கடியாரத்தைத் தட்டிக் காட்டி, "ரெண்டு மணி, கரெக்ட்"னாரு. நெசமாவே ரெண்டுதான். அந்த ஊர்ல பொழுது வெளுத்தாத்தான் மணி எண்ண ஆரம்பிக்கறாங்க. நம்ம ஏழு அவங்களுக்கு ஒண்ணு. ஏர்போர்ட்டுல மட்டும் ஊர் உலகத்து நேரம்.

தாருஸ்ஸலாம்ல எறங்குனதும் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையைக் கேட்டாங்க. எத்தியோப்பியாவுல பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துட்டு வந்தாக் காட்டியாகோணும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுல போட்ட ஊசி காப்பாத்துச்சு. அங்கிருந்து டோடோமாவுக்கு இப்ப கரண்டு ரயில் ஓடுதுங்க, நல்ல வண்டி.

வந்ததும் தம்பி மொத வேலையா முதலாளிக்குப் போன் போட்டான். வழியில மாட்டுன நாளுக்குச் சம்பளம் உண்டான்னு கேட்டான். விவரம் பூரா சொன்னான், காலண்டர் உட்பட. முதலாளி பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாரு: "நீ என்கிட்டச் சேந்தது 2025-ல. அங்க தங்குனது 2018-ல. சேர்றதுக்கு ஏழு வருசம் முன்னால எந்தக் கணக்குல கண்ணு சம்பளம் எழுதறது?"

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை