பன்னிரண்டாவது பட்டன்

கிண்ணியாவில் இப்போது ஒழுங்கைக்கு ஒரு கொம்பியூட்டர் தம்பி இருக்கிறார். ஒரு காலத்தில் கட்டாருக்குப் போனவர்களுக்கு இருந்த மதிப்பில் பாதி இவர்களுக்கு வந்திருக்கிறது. மீதிப் பாதி வராததற்குக் காரணம், ஆள் வீட்டிலேயே இருப்பதுதான். வேலை கொழும்புக் கொம்பனிக்கு, உடம்பு பெரியாற்றுமுனையில். கமராவுக்குத் தெரியும் இடத்தில் கொலர் வைத்த சேட், தெரியாத இடத்தில் சாரம்.

இந்தத் தம்பிமாரில் ஓர் இனம் உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. மற்றவர்கள் ஒரு வேலையைக் கையில் எடுத்தால், முன்பு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடுவார்கள். இவர் வெற்றுப் பக்கத்தைத் திறப்பார். ஊருக்குப் புரியட்டும் என்று இவரைப் புதுசுத் தம்பி என்று வைத்துக்கொள்வோம்.

ஓரளவு பெரிய கொம்பனி என்றால் அதற்கென்று ஒரு டிசைன் சிஸ்டம் இருக்கும். பட்டன், எழுதும் பெட்டி, அட்டை, எச்சரிக்கைப் பட்டை எல்லாவற்றையும் ஒருமுறை ஒழுங்காகச் செய்து, சோதித்து, பெயர் எழுதி அடுக்கி வைத்த களஞ்சியம் அது. புதிதாக ஒரு திரை செய்ய வேண்டி வந்தால் கேள்வி மூன்று. இருப்பதை அப்படியே எடுப்பதா? அதிலேயே கொஞ்சம் கூட்டிப் போடுவதா? இல்லவே இல்லையென்று புதிதாகச் செய்வதா? புதுசுத் தம்பிக்கு மூன்றாவது கேள்விதான் முதலில் ஞாபகம் வரும். அதற்கு ஆமென்று பதில் சொல்லிவிட்டால் மற்ற இரண்டையும் கேட்க நேரமிருக்காது.

“நம்மட கேஸ் வேற” என்பது அவர் மந்திரம். களஞ்சியத்துப் பட்டனின் மூலை வளைவு எட்டு பிக்ஸல். தம்பிக்கு ஆறுதான் வேண்டும். அந்த இரண்டு பிக்ஸல் அவருடைய மானப் பிரச்சினை. திரை வரையும் ஃபிக்மா மென்பொருளில் ‘டிடாச்’ என்றொரு வசதி இருக்கிறது. தாய்க் கொம்போனென்டோடு உள்ள உறவை அது ஒரே அமுக்கில் அறுத்துவிடும். அதற்குப் பிறகு தாய்க்கு என்ன திருத்தம் வந்தாலும் பிள்ளைக்குச் செய்தி போகாது. வேலை தொடங்குமுன் தம்பி விரல் பழக்குவதே அந்த வசதியில்தான். பிறந்த பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள்: பட்டன், நியூ பட்டன், பட்டன் டூ, பட்டன் ஃபைனல், பட்டன் ஃபைனல் இதைப் பாவிக்கவும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் களஞ்சியத்துப் பட்டன் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற பட்டன் மட்டுமல்ல. மௌஸ் இல்லாமல் டாப் விசையால் வருகிறவருக்கு இப்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டும் வளையம் அதில் இருக்கும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது இரண்டாம் தரம் அமுக்க விடாத தடை இருக்கும். பார்வை இல்லாதவரின் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும் பெயர் இருக்கும். இவற்றையெல்லாம் வேறு யாரோ இருந்து, திட்டு வாங்கி, திருத்தி வைத்திருக்கிறார்கள். தம்பி செய்வது முதல் தோற்றத்தை மட்டும். அவர் செய்த கீழ்விரி பட்டியல் ஒன்று மயில் தோகை மாதிரி விரியும். எஸ்கேப் விசையை அமுக்கினால் மூடாது.

மும்மொழிப் படிவம் ஒன்று வந்தபோதுதான் தம்பியின் கலை உச்சம் தொட்டது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரச கரும மொழியாக்கியது. அரசியலமைப்பில் ஏறிய தமிழால் பட்டனில் ஏற முடியவில்லை. ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ ஆறே எழுத்தில் சொகுசாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டால் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே புள்ளியும் விசிறியும் பாதி வெட்டுப்படுகின்றன. தம்பி உடனே ‘தமிழ் பட்டன்’ என்று ஒன்றைப் பெற்றெடுத்தார். சோதனை செய்கிற சிங்களச் சகோதரி ஒருவர், எங்கள் எழுத்துக்கும் கீழ்ச்சுழி வெட்டுப்படுகிறதே என்று எழுதினார். ‘சிங்களப் பட்டன்’ பிறந்தது. தாய்ப் பட்டனின் அகலத்தை ஒரே அளவில் கட்டி வைத்திருந்த கயிற்றை அவிழ்த்து, வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தால் மூன்று மொழியும் ஒரே பட்டனில் இருந்திருக்கும். ஆனால் நீதியாகச் சொன்னால் இதில் பாதிக் குற்றம் களஞ்சியக்காரர்களுடையது. ஆங்கிலத்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு ‘எல்லா மொழிக்கும்’ என்று முத்திரை குத்தியவர்கள் அவர்கள்தானே.

தமிழ் எழுத்துக்குள்ளேயே ஒரு காலத்தில் புதுசுத் தம்பிமார் புகுந்திருந்தார்கள் என்பது என் சந்தேகம். கை, பை எல்லாம் ஒரு விதமாக ஐகாரம் போட, ணை, லை, ளை, னை நான்குக்கு மட்டும் தும்பிக்கை போலத் தனி வளைவு. ணா, றா, னா மூன்றுக்கும் தனிச் சுழி. வாப்பாமார் பெட்டியில் வைத்திருக்கும் பழைய காணி உறுதிகளில் இன்றும் பார்க்கலாம். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் அவற்றைத் தூக்கிவிட்டு, இருக்கிற துணையெழுத்தையே எல்லாவற்றுக்கும் போட்டு அச்சடித்தார். தமிழ்நாட்டு அரசு அதை ஏற்க 1978 ஆனது. களஞ்சியத்தைத் துப்புரவாக்க நாற்பத்துச் சொச்ச வருடம் எடுத்ததென்றால், கொழும்பிலிருந்து தம்பிக்கு எழுதும் மேலாளரின் பாடு எப்படியிருக்கும் என்று யோசியுங்கள்.

அந்த மேலாளர் பொறுமைசாலி. பிரித்தானிய அரசின் டிசைன் சிஸ்டம் 2018இல் வந்தது. அதில் புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கேட்கிறவர் முதலில் இரண்டு விசயம் காட்ட வேண்டும்: பலருக்குப் பயன்படும் என்பதற்கு ஆதாரம், ஏற்கெனவே உள்ளதன் பிரதி அல்ல என்பது. மேலாளர் அந்த இரண்டையும் தம்பியிடம் எழுத்தில் கேட்டார். தம்பி எழுத்திலேயே பதில் தந்தார்: “பயன்: எனக்குத் தேவை. பிரதி அல்ல: நான் செய்தது.” இலங்கையிலேயே வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 கொம்பனிகூடத் தன் ‘ஒக்சிஜன் யூஐ’யை வெறும் மண்ணிலிருந்து கட்டவில்லை, எம்யூஐ என்ற திறந்த களஞ்சியத்தின் மேலேதான் கட்டியது என்று எடுத்துச் சொன்னார். “அவங்களுக்கு டைம் இல்லாம இரிந்திருக்கும்” என்றார் தம்பி, அனுதாபத்தோடு.

இவருக்கு நேரெதிர் இனம் ஒன்று இருக்கிறது, ஒட்டுத் தம்பி. இவர் புதிதாக எதுவும் செய்யமாட்டார். இருக்கிற அட்டையிலேயே ஒரு சுவிச் கூட்டுவார். ஐகன் காட்டு. ஐகன் காட்டாதே. ஐகனை வலப்பக்கம் காட்டு, ஆனால் கைபேசியில் அல்ல. இரண்டு சுவிச்சை ஒன்றாகப் போட்டால் என்ன நடக்கும் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். என்னைக் கேட்டால் புதுசுத் தம்பியைவிட இவர்தான் ஆபத்தான ஆள். அவர் கெடுப்பது தன் வளவை மட்டும். இவர் ஒரு சுவிச்சைக் கூட்டினால் கொழும்பில் வேறொருவரின் திரை சரியும். எதையும் தொடாமல் மரண அறிவித்தலையும் கழிவு விலையையும் ஒரே சிவப்புப் பட்டையில் போடுகிற மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவரால் சேதம் குறைவு, சிரிப்பு அதிகம்.

2022இல் புதுசுத் தம்பி கொஞ்ச நாள் குணமாகியிருந்தார். மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது அல்லவா? மடிக்கணினி சாகுமுன் வேலையை முடிக்க வேண்டிய அவசரத்தில் களஞ்சியத்தில் இருந்ததை இருந்தபடி எடுத்து அடுக்கி அனுப்பினார். வாடிக்கையாளர் பாராட்டிக் கடிதம் எழுதினார். தம்பி அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்.

தம்பியின் வாப்பாவுக்கு இதெல்லாம் அரைகுறையாகக் காதில் விழும். ஒரு நாள் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“எத்தின பட்டன் மகன் செஞ்சிரிக்காய்?”

“பன்னிரண்டு வாப்பா.”

“முதலாவத அமுக்கினா என்ன நடக்கும்?”

“ஃபோம் போகும்.”

“பன்னிரண்டாவத?”

“அதுக்கும் ஃபோம்தான் போகும்.”

வாப்பா பாதையில் வளர்ந்த ஆள். இந்தப் பக்கத்தில் பாதை என்றால் வள்ளத்துக்கும் தெப்பத்துக்கும் நடுவில் ஒரு சாதி, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு துறை கடக்கிறது. அதற்காகக் கரையில் காத்து நின்றே அவருக்குப் பாதி வயது போயிற்று. பாதையை எவ்வளவு திருத்தினாலும் காத்திருப்புத் தீரவில்லை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகுதான் திருகோணமலைக்கு நினைத்த நேரம் போக முடிந்தது. இதைச் சொல்லத் தொடங்கியதுமே தம்பி துள்ளி எழும்பினார்.

“பாத்தீங்களா வாப்பா! புதுசு செஞ்சாத்தானே சரிவந்த!”

“பாலம் ஒண்டுதான் மகன் போட்டாங்க. ஆளுக்கொண்டு போடல்ல.”

தம்பி ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டார்.

போன வருடம் தம்பிக்குக் கலியாணம் பேசி முடிந்தது. நம் பக்கத்து வழமைப்படி பெண் வீட்டார்தான் வீடு கொடுப்பது. மாமா மகளுக்கென்று ஏற்கெனவே கட்டி வைத்த வீட்டைக் காட்டக் கூட்டிப் போனார். எங்களுக்கெல்லாம் உள்ளூரப் பயம், இவர் ஜன்னலின் மூலை வளைவு சரியில்லையென்று அத்திவாரத்திலிருந்து தொடங்கச் சொல்வாரோ என்று. தம்பி அறை அறையாகப் போனார். பைப்பைத் திறந்து தண்ணீர் பார்த்தார். கூரையை நிமிர்ந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். களஞ்சியத்தில் ஒருநாளும் செய்யாத அத்தனை பரிசோதனையும் செய்துவிட்டு, மாமாவின் பக்கம் திரும்பி மிகவும் பணிவாகச் சொன்னார்:

“வீடு இப்பிடியே நல்லா இரிக்கி மாமா. பின்னால ஒரு அறைய மட்டும் கூட்டிப் போட்டாப் போதும். நீங்க ஓமெண்டா.”