லீட்டருக்கு எவ்வளவு ஓடும், மச்சான்?

ஹமாமட்சு, ஜப்பான்
2025 ஓகஸ்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

உம்மாட கால் வலி எப்படி, ராத்தாக்குப் பிரஷர் குறைஞ்சிட்டா, சின்னவன் ஒழுங்கா ஓதப் போறானா எண்டு நான் கேட்டு அனுப்பின ஒண்டுக்கும் உங்கட மறுமொழி இல்ல. நீங்க போட்ட வொய்ஸ் எல்லாத்திலயும் ஒரே கேள்விதான்: "ஜப்பான்லதானே இருக்கீங்க, நல்ல சின்னக் காரா ஒண்டு சொல்லுங்க. லீட்டருக்கு எவ்வளவு ஓடும்?" நானும் வொய்ஸ்ல சொன்னா, பாதியில நிப்பாட்டி சாய்ந்தமருதுத் தேத்தண்ணிக் கடையில இருக்கிற ஆக்களுக்குப் போட்டுக் காட்டுவீங்க. அதனாலதான் கடிதம். இதையும் வாசிச்சுக் காட்டத்தான் போறீங்க, தெரியும்.

நான் இருக்கிற ஹமாமட்சு, நீங்க ஆசைப்படுற வேகன்ஆர்ட சொந்த ஊர். சுசுகிட தலைமையகம் இஞ்சதான். சொய்ச்சிரோ ஹொண்டா பிறந்ததும் இந்தப் பக்கம். ஒள்ளுப்பம் தள்ளி கொசாய் எண்டொரு ஊர். டொயோட்டாக் குடும்பத்து மூத்தவர் சக்கிச்சி டொயோடா அங்க பிறந்தவர். கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில இருக்கிற தூரத்துக்குள்ள மூணு பேரும் அடக்கம்.

இதுல உங்களுக்கு ஒரு விசயம் சொல்லணும். சுசுகி ஆதியில கார்க்காரன் இல்ல, தறிக்காரன். 1909ல மிச்சியோ சுசுகி பட்டறை போட்டது தறி செய்யத்தான். டொயோட்டாவும் தறியில இருந்து வந்த குடும்பம். இஞ்ச இருக்கிற சுசுகி காட்சிச்சாலையில சாறன் நெய்யுறதுக்கெண்டே செய்த தறி ஒண்டும் நிக்குது. அதுக்கு முன்னால நிண்டு எங்கட மருதமுனைத் தறிகளை நினைச்சன். எங்கட ஆக்கள் தறியோட நிண்டுட்டாங்க. இவங்க 1955ல சுசுலைட் எண்டு ஒரு 360 சீசீ காரைச் செய்து ரோட்டில விட்டுட்டாங்க. நாங்களும் அப்படி ஒண்டு செய்திருந்தா இண்டைக்கு ஹமாமட்சுக்காரன் ஒருத்தன் மருதமுனையில இருக்கிற அவன்ட மச்சானுக்கு வொய்ஸ் போட்டு, லீட்டருக்கு எவ்வளவு எண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

சரி, உங்கட கேள்விக்கு வாறன். எங்கட சின்ன மாமாட கார் லீட்டருக்கு எவ்வளவு ஓடும்? விக்கப் போட்டிருந்த மாசம் இருபத்தஞ்சு ஓடினது. அதே மாசம் நிந்தவூர்க் கலியாணத்துக்கு நீங்க இரவல் கேட்டப்போ பன்னிரண்டுக்கு இறங்கிட்டுது. "பெற்றோலக் குடிக்குது தம்பி, கொண்டு போனா உனக்குத்தான் நட்டம்" எண்டார். மாமி உம்மா ஊட்ட போகணும் எண்டா ஒம்பது. பெற்றோல் செட்டில பக்கத்துல நிக்கிறவனும் அதே கார் வெச்சிருந்தா முப்பது. ஒரு காருக்குள்ள இத்தனை எஞ்சின் பூட்டின வித்தைய ஜப்பான்காரனாலயும் செய்ய ஏலாது.

ஆனா ஜப்பான்காரனும் சின்ன மாமாவும் ஒரே பள்ளிக்கூடம்தான். டொயோட்டா அக்குவா 2011 டிசம்பர்ல இறங்கினப்போ அதுக்கு ரெண்டு கணக்குச் சொன்னாங்க. பழைய சோதனையில 40 கிலோமீட்டர், அப்ப புதுசா வந்த ஜேசி08 சோதனையில 35.4. ஒரே கார்தான். சோதனை எண்டு சொல்லுறது ரோட்டில ஓடி அளக்கிறதில்ல மச்சான். உருளைக்கு மேல காரை ஏத்தி, ஏசிய நிப்பாட்டி, எழுதி வெச்ச கணக்குக்கு வேகத்தைக் கூட்டிக் குறைச்சு அளக்கிறது. மாடு குறுக்க வராது. மாமியும் ஏற மாட்டா. 2017ல வந்த வேகன்ஆர் ஹைபிரிட்டுக்கு அந்த ஜேசி08ல 33.4 எண்டாங்க. மறுகா பல நாடுகளுக்கும் பொதுவான இன்னொரு சோதனை வந்துது. அதுக்குப் பொறவு அதே பேருள்ள காருக்கு 25.2. இடையில எஞ்சினையும் மாத்தினாங்கதான், ஆனா எட்டுக் கிலோமீட்டர் அதுல போகல்ல. கணக்குல ஒள்ளுப்பம் உண்மை கலந்துட்டுது, அவ்வளவுதான்.

அதுக்கும் மேல ஒரு கூத்து நடந்தது. 2016 ஏப்ரல்ல மிட்சுபிஷி கம்பனிப் பெரியவங்க வரிசையில நிண்டு குனிஞ்சு, 6 லட்சத்து 25 ஆயிரம் சின்னக் காருக்குப் பொய்க் கணக்குக் குடுத்துட்டம் எண்டாங்க. அதுல கூடுதலானது நிசான் பேர்ல வித்த கார். களவைக் கண்டுபிடிச்சதும் நிசான்தான். அடுத்த மாசம் சுசுகியும் வந்து குனிஞ்சது. அவங்கட ஓட்டப் பாதை கடலுக்குக் கிட்ட, மேட்டுல இருக்காம். காத்து அடிச்சதால ஒழுங்கா அளக்க ஏலாமப் போய், உதிரிகளை உள்ளுக்க வெச்சுத் தனித்தனியா அளந்த கணக்கக் குடுத்துட்டாங்களாம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியடியில நிண்டு, கடல் காத்தால பெற்றோல் கூடப் போகுது எண்டு நீங்க சொன்னா ஊரே சிரிக்கும். சுசுகி அதையே அமைச்சுக்குப் போய்ச் சொன்னது. அரசாங்கம் திருப்பி அளந்தப்போ சுசுகிட கணக்கு குறையல்ல, அதையும் சொல்லத்தான் வேணும். காத்து மேல மட்டும்தான் பழி.

இஞ்ச பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் எங்கட பக்கத்து ஊட்டு மூத்தம்மா. எண்பது தாண்டிட்டு. வெங்காயம் ஏத்துற சின்ன லொறி ஒண்டு வெச்சிருக்கா, மஞ்சள் நம்பர் தகடு, 660 சீசீ. வயசான ஆக்கள் ஓட்டுற வாகனம் எண்டு காட்ட நாலு இலை போட்ட ஸ்டிக்கர் ஒண்டும் ஒட்டி இருக்கு. நான் அவவுக்கிட்டயும் கேட்டன், லீட்டருக்கு எவ்வளவு எண்டு. கண்ணாடியப் போட்டுக்கொண்டு தட்டுக்குள்ள இருந்து ஒரு கொப்பிய எடுத்தா. பெற்றோல் அடிச்ச ஒவ்வொரு முறையும் திகதி, லீட்டர், மீட்டர் எல்லாம் பென்சிலால எழுதி இருக்கு. கூட்டிப் பிரிச்சுப் பார்த்து, பதினாலு எண்டு சொல்லி, குறைவா ஓடுறதுக்கு எனக்கிட்ட மன்னிப்பும் கேட்டா. எங்கட ஊர்ல ஒருத்தர் இப்படிக் கொப்பி வெச்சிருந்தா வருமான வரிக்காரனுக்குப் பயந்து வெச்சிருக்கார் எண்டுதான் சொல்லுவாங்க.

நீங்களும் அந்த மூத்தம்மா செய்யுற வேலையத்தான் செய்யணும். டேங்கை நிரப்பி மீட்டரைக் குறிச்சு, ஓடி, திருப்பி அதே செட்டில நிரப்பி, ஓடின தூரத்தை அடிச்ச லீட்டரால பிரிக்கணும். டேஷ்போர்டில காட்டுற கணக்க நம்ப வேணாம். அதுவும் கம்பனிட புள்ளதான்.

கல்முனையில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ரோட்டு மட்டம், ஏத்தமே இல்ல. ஆனா ஒரு ஊர் முடியுறதுக்குள்ள அடுத்த ஊர் தொடங்கிடும். ஆட்டோ, பள்ளிக்கூட வேன், மாடு, ஜும்ஆ விட்டு வாற சனம். ஏசியப் போட்டுட்டு பிரேக்கும் எக்ஸலேட்டருமா மிதிச்சுக்கொண்டு போனா, வேகன்ஆர் மாதிரி ஹைபிரிட் பதினஞ்சு பதினேழு ஓடினாலே சந்தோசப்படுங்க. வேகன்ஆர்ல இருக்கிற மோட்டர் சின்னது. எஞ்சினுக்குக் கை குடுக்கும். தனிய எண்டா ஊர்ற வேகத்துல பத்து செக்கன் ஓடும், அவ்வளவுதான். கண்டிக்குப் போறதெண்டா மகியங்கனைக்கு அங்கால வளைவுகள் இருக்கே, அதுல வேகன்ஆர்ட 660 சீசீய ஏத்திப் பாருங்க. ஜப்பான்ல அந்தக் காருக்குக் காகிதத்துல நாலு பேர். நீங்க மாமி, ராத்தா, புள்ளைகள் மூணு, வட்டிலாப்பச் சட்டி, சம்மாந்துறை அரிசி மூட்டை எண்டு ஏத்துவீங்க. மறுகா கார் இழுக்குதில்ல எண்டு எனக்கு வொய்ஸ் வரும்.

உங்கட மனசு இந்தக் கணக்கிலயே ஏன் நிக்குது எண்டு எனக்கு விளங்குது. 2022ல பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனதையும், கியூஆர் காட்டி கிழமைக்கு இருபது லீட்டர் வாங்கினதையும் யார் மறந்த? இருபது லீட்டரில கொழும்புக்குப் போய்ச் சேருறதே சந்தேகம், வாறது பொறவு. ஆனா இந்த 2025 ஓகஸ்ட்ல லீட்டர் முந்நூறு சொச்சம். நீங்க மாசம் அறுநூறு கிலோமீட்டர் ஓடுறீங்க எண்டு வைங்க. பதினஞ்சு ஓடுற கார் நாப்பது லீட்டர் குடிக்கும், இருபது ஓடுறது முப்பது. மிச்சம் பத்து லீட்டர், மூவாயிரம் ரூபா. அதுக்காக அஞ்சு லட்சம் கூடக் குடுத்து வாங்கினா, அந்தக் காசு திரும்பி வரப் பதினாலு வருஷம் செல்லும். அதுக்குள்ள ஹைபிரிட் பெட்டரி உங்கள ஒருக்கா அழ வைக்கும். லீசிங் வட்டிய நான் சேர்க்கல்ல, ராத்தா இதை வாசிப்பா எண்டபடியால.

உடையாத கார் எது எண்டும் கேட்டீங்க. ஜப்பான்ல கார் உடையுறதக் காணுறது அபூர்வம். காரணம் இரும்பு மட்டுமில்ல. புதுக்காருக்கு மூணாம் வருஷமும், மறுகா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காவும் அரசாங்கச் சோதனை. காப்புறுதி, வரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் யென் அளவுல போயிடும். தேயுறதுக்கு முன்னமே சாமானை மாத்திடுறாங்க. பதிமூணு வருஷம் தாண்டினா வரியும் கூடும். அந்தப் பயத்துலயே நல்லா ஓடுற காரைத் தள்ளி விடுறாங்க. எங்கட ஆக்கள் சத்தம் வந்தா ரேடியோவக் கூட்டி வைக்கிற ஆக்கள்.

நம்மட கராஜ் பாஸ்மார் கைகாரங்கதான், ஆனா பழக்கம் லேசில போகாது. இந்தச் சின்ன எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 எண்டு மெல்லிசான ஒயில்தான் கம்பனி சொல்லுறது. "இந்தச் சூட்டுக்கு இது காணாது, திக்கான ஒயில் போடுவம்" எண்டு அவங்க ஊத்தினா லீட்டருக்கு ஓடுறது ஒள்ளுப்பம் குறைஞ்சிடும். சிக்னல்ல எஞ்சின் தானா நிண்டு எழும்புற காருக்கு அதுக்கெண்டே செய்த பெட்டரி இருக்கு. விலை பார்த்து சாதாரணத்தப் போட்டா அது கனநாள் தாங்காது. ஹைபிரிட் பெட்டரி மூச்சு விடுற வாசல் கன கார்ல பின் சீட்டடியில இருக்கும். காசிம் காக்காட மருமகன் அந்த இடத்துலதான் அரிசி மூட்டைய அடுக்கினவர். மூச்சு முட்டி பெட்டரி கொதிச்சுது. இப்ப ஜப்பான் சாமான் சரியில்ல எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியுறார். மறுகா கறள். கடற்கரை ஊட்டுக் காரிட கீழ்ப்பக்கத்தை நல்ல தண்ணியில கழுவாட்டி, எந்த நாட்டுக் காரும் அடியில இருந்து போகும்.

வாங்குறதப் பத்திக் கடைசியா. 2020ல நிப்பாட்டின கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில திறந்துட்டாங்க. மூணு வருஷத்துக்கு மேல பழசு இறக்க ஏலாது. அந்த அஞ்சு வருஷத்துல ஊர்ல ஓடித் தேய்ஞ்ச காரெல்லாம் வாங்கின விலைக்கு மேலால வித்தது. காணி வாங்கின ஆக்களெல்லாம் கார் வாங்கின ஆக்களப் பார்த்துப் பெருமூச்சு விட்டாங்க. இப்பவும் ஊர்ல பழசு எடுக்கிறதெண்டா மீட்டரை நம்பாதீங்க. பின்னுக்குக் கிறுக்கத் தெரிஞ்ச கைகள் கனக்க இருக்கு. செஸி நம்பரை எனக்கு அனுப்புங்க, இஞ்ச ஏலத்துல வித்தப்போ எழுதின தாளை எடுத்துப் பார்க்க ஏலும். தாளில ஏ எண்டா கீறல், யூ எண்டா நெளிவு, டபிள்யூ எண்டா தட்டிச் சரிபண்ணினது, எஸ் எண்டா கறள். தரம் எண்ட கட்டத்துல நாலு, நாலரை எண்டிருந்தா நல்லது. ஆர் எண்டு இருந்தா அடிபட்டு எழும்பினது. "றேசிங் மொடல், அதான் ஆர்" எண்டு எவனும் சொன்னா சலாம் சொல்லிட்டு எழும்பி வந்துடுங்க.

ஏலத்துக்கு வாற கிழமை ரெண்டு வேகன்ஆர் இருக்கு. ரெண்டும் நாலரை, ரெண்டும் ஓடினது குறைவு. ஒண்டு வெள்ளை, மற்றது றோஸ். கல்முனையில வெள்ளைதான் திருப்பி விக்கும் எண்டு நீங்க சொல்லுவீங்க. ராத்தா தனிய ஒரு வொய்ஸ் போட்டிருக்கா, உங்களுக்குத் தெரியாது, றோஸ் எண்டா மட்டும் எடு எண்டு. புருசன் பொஞ்சாதிக்கு இடையில நான் வாய் திறக்க மாட்டன். புதன் இரவுக்குள்ள பேசி முடிச்சு ஒரு நிறத்தை அனுப்புங்க. ரெண்டு பேரும் ரெண்டு நிறம் அனுப்பினா உம்மா சொல்லுற நிறத்துக்குத்தான் நான் விலை கேப்பன். உம்மாக்குப் பச்சை பிடிக்கும்.

வஸ்ஸலாம்.

உங்கட மச்சான்