படுத்தால் போகும் தலைவலி

எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை. இப்படி ஒரு நோயை மாமியார் இருக்கிற வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கிரைண்டர் கல்லைத் தூக்கிய அன்று ஆரம்பித்தது. எழுந்த பத்தாவது நிமிஷம் பிடரியில் யாரோ உட்கார்ந்து மூளையைக் கீழே இழுப்பார்கள். பாயில் சாய்ந்தால் விட்டுவிடுவார்கள்.

"அடுப்படிக்குப் போனா வருது, படுத்தா போகுது. எங்க காலத்துல இதுக்கு வேற பேரு" என்றார் அத்தை.

முதலில் பார்த்த டாக்டர் கட்டிலில் படுக்க வைத்துக்கொண்டு, "இப்ப வலிக்குதா?" என்றார். "இல்லீங்க டாக்டர்." மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார்.

அடுத்தவர்தான் என்னை நிற்க வைத்துக் கேட்டார். ஸ்கேன் எடுத்தார். மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். சுற்றியுள்ள நீரில் மிதப்பதால் 50 கிராம்போலத்தான் கனக்குமாம். அந்த நீர் மொத்தமே 150 மில்லி. உடம்பு தினம் அரை லிட்டர் சுரந்தும் எனக்குப் போதவில்லை. முதுகுத்தண்டின் உறையில் எங்கோ கசிவு.

"மோட்டார் ஓடுது, டேங்க்தான் லீக்கு" என்று கணவர் மொழிபெயர்த்த பிறகே வீட்டில் என் நோய்க்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

1898இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி போடுவதைத் தன் முதுகிலேயே சோதிக்கச் சொன்னார். சிரிஞ்சு ஊசியோடு பொருந்தாமல் நீர் ஒழுகிவிட்டது. மனிதர் ஒன்பது நாள் என்னைப்போலவே அவதிப்பட்டார்: எழுந்தால் வலி, படுத்தால் சுகம். பேராசிரியர் படுத்தால் ஆராய்ச்சி. நான் படுத்தால்?

படுக்கையும் காபியும்தான் ஆரம்ப வைத்தியம். டாக்டரே காபி குடிக்கச் சொன்னதை அத்தை இன்னும் நம்பவில்லை. அதற்கும் வலி மசியாததால் கையிலிருந்து 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில், உறைக்கு வெளியே ஏற்றினார்கள். அது உறைந்து ஓட்டையை அடைக்குமாம். "நம்ம எம்-சீல்தான்" என்றார் கணவர்.

அடைத்தது. கொஞ்சம் அதிகமாகவே. இரண்டு நாளில் தலைவலி தலைகீழாகத் திரும்பியது: இப்போது படுத்தால் வலி, எழுந்து நின்றால் சுகம். அடைத்த பிறகு அழுத்தம் ஏறுவது உண்டு, போகப்போகத் தணியும் என்றார் டாக்டர்.

அத்தை முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

"எழுந்து நடமாடினா சரியாப் போகும்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்றபடி துடைப்பத்தை எடுத்து நீட்டினார்.