கோழிக்கு ஜப்தி இல்லை

அமெரிக்க வருமான வரி இலாகா வெளியிடும் 525ஆம் எண் கையேட்டில் திருடர்களுக்கும் ஒரு விதி இருக்கிறது. ஒரு பொருளைத் திருடினால், திருடிய ஆண்டிலேயே அதன் சந்தை மதிப்பை வருமானமாகக் காட்டிவிட வேண்டும். அதே ஆண்டுக்குள் உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் காட்ட வேண்டியதில்லை. லஞ்சம் வாங்கியவரையும் போதைப்பொருள் விற்றவரையும் கூட அந்தக் கையேடு மறக்கவில்லை. ஆக, டிசம்பர் 31ஆம் தேதி இரவு மனம் திருந்தும் திருடருக்கு வரி கிடையாது. ஜனவரி முதல் தேதி திருந்துகிறவர் பொருளையும் இழந்து, ரிட்டர்னிலும் எழுத வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரோ குறும்புக்கார குமாஸ்தா எழுதிச் சேர்த்தது என்று நினைக்க வேண்டாம். பின்னால் உச்ச நீதிமன்றமே நிற்கிறது. தென் கரோலினாவில் மேன்லி சல்லிவன் என்றொரு கள்ளச்சாராய வியாபாரி இருந்தார். ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் மாட்டிக்கொண்டார். படிவத்தில் உண்மையை எழுதினால் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும், அரசியல் சாசனப்படி அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் தரப்பு வாதம். 1927இல் நீதிபதி ஹோம்ஸ் அதை ஏற்கவில்லை. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இயலாதோ அந்த இடத்தில் ஆட்சேபம் தெரிவித்திருக்கலாம், அதற்காகப் படிவத்தையே கொடுக்காமல் இருக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

சிகாகோவில் கள்ளச்சாராயக் கும்பலின் தலைவர் அல் கபோன் இதைக் கேட்டுக் கொஞ்சம் கவலைப்பட்டிருக்க வேண்டும். அவர் பேரில் சொத்தில்லை, வங்கிக் கணக்கில்லை, ரிட்டர்னும் இல்லை. சமரசமாகப் போய்விடலாம் என்று 1930இல் அவருடைய வரி வக்கீல் இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1926இல் தன் கட்சிக்காரரின் வருமானம் 26,000 டாலரைத் தாண்டாது, 1928, 1929இல் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டாது என்று பவ்யமாகக் குறிப்பிட்டார். வருமானமே இல்லை என்று இருந்தவருக்கு வருமானம் உண்டென்று சொந்த வக்கீலே எழுதிக் கொடுத்தாயிற்று. நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு அந்தக் கடிதத்தையே சாட்சியமாக வைத்தது. 1931 அக்டோபரில் 11 ஆண்டு சிறையும் 50,000 டாலர் அபராதமும் கிடைத்தன. நிரூபணமான ஐந்து குற்றங்களில் இரண்டு, அந்த 1928க்கும் 1929க்கும் ரிட்டர்ன் கொடுக்காதது.

இந்த இலாகாவின் கோபம் எங்கே இருக்கிறது என்பதை அபராத விகிதத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ரிட்டர்ன் கொடுத்துவிட்டுப் பணம் கட்டாதவருக்கு மாதம் அரை சதவீதம். ரிட்டர்னே கொடுக்காதவருக்குக் கட்ட வேண்டிய வரியில் மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை. 'கையில் காசில்லை, எதற்குப் படிவம்?' என்று சும்மா இருப்பவர்தான் அதிகம் கொடுக்கிறார். காலக்கெடுவும் அப்படித்தான். தாக்கல் செய்தவரின் கணக்கைத் தோண்ட இலாகாவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் அவகாசம். தாக்கல் செய்யாதவருக்கு அந்த மூன்று ஆண்டு தொடங்குவதே இல்லை.

எத்தனை கடிதம் போட்டும் அசையாதவருக்கு இலாகாவே ஒரு ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்கும். உதவி என்றுதான் தோன்றும். முதலாளியும் வங்கியும் அனுப்பிய விவரங்களை வைத்து வருமானத்தை ஒரு டாலர் விடாமல் கூட்டிவிடுவார்கள். செலவையும் பிள்ளைகளையும் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஆகவே அவை இல்லை. நாலு பிள்ளை பெற்றவரும் அந்தத் தாளில் பெரும்பாலும் தனிக்கட்டை. குடும்பம் வேண்டுமென்றால் ஒழுங்காக ஒரு ரிட்டர்ன் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் ஜப்தி. சம்பளம், வங்கிக் கணக்கு, வீடு எல்லாம் வரிசையில் வரும். ஆனால் எதைத் தொடக்கூடாது என்றும் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது: உடுத்த வேண்டிய துணி, பள்ளிப் புத்தகம், ஒரு மதிப்பு வரம்புக்குள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான், சொந்த உபயோகத்துக்கான துப்பாக்கி, கால்நடை, கோழி. இன்னும் கைக்கு வந்து சேராத தபாலையும் எடுக்கக்கூடாது. வழியில் வந்துகொண்டிருக்கும் அந்தத் தபால் பெரும்பாலும் இலாகாவின் நோட்டீஸாகவே இருக்கும் என்பதால் இந்தப் பெருந்தன்மையில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சாராய வியாபாரி எழுத மறுத்தார் என்றால் புரிகிறது. எட்மண்ட் வில்சன் எழுதாமல் போனதுதான் விசித்திரம். அமெரிக்காவின் தலைசிறந்த இலக்கிய விமர்சகர்களில் ஒருவர்; மார்க்சிய வரலாறு முதல் சாக்கடல் சுருள்கள் வரை அவர் எழுதாத விஷயமே இல்லை. 1946 முதல் 1955 வரை ரிட்டர்ன் மட்டும் எழுதவில்லை. அந்த 1946இல்தான் அவருடைய புனைகதை நூலொன்று நன்றாக விற்று, ஆபாசம் என்று நியூயார்க்கில் வழக்கிலும் சிக்கியது. கையில் காசு சேர்ந்ததும் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். இந்த மனநிலையை விளக்கத் தமிழ் வாசகருக்கு உரை தேவையில்லை.

கடைசியில் வழக்கறிஞரான பழைய நண்பரிடம் போனார். நண்பர் யோசித்துவிட்டு, நீ வேறு நாட்டுக் குடிமகனாகிவிடுவதே நல்லது என்றார். இலாகா அதிகாரிகள் மதுவுக்கு ஏன் இவ்வளவு செலவு, நாய் படுக்கும் பாய்க்கு ஏன் செலவு என்றெல்லாம் துருவினார்கள் என்று வில்சனே எழுதியிருக்கிறார். இலக்கிய விமர்சனத்துக்கு மது மூலப்பொருள் என்று நிரூபிப்பது எளிதல்ல. நாயின் பாய் இன்னும் கஷ்டம்.

பத்தாண்டு மௌனத்துக்கும் சேர்த்து 1963இல் அவர் ஒரு புத்தகமே எழுதித் தீர்த்தார். பனிப்போரும் வருமான வரியும் என்று பொருள்படும் தலைப்பு. வரிப் பணம் அணுகுண்டுக்கும் ரசாயன ஆயுதத்துக்கும் போவதைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். முதலில் மறதியும் சோம்பலும், கொள்கை பிறகு வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை; அந்த நேர்மையால்தான் புத்தகம் இன்றும் படிக்கும்படி இருக்கிறது. அதே ஆண்டு அதிபர் கென்னடி நாட்டின் உயரிய விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார். வரி இலாகா ஆட்சேபித்தது. இது நன்னடத்தைக்குத் தரும் விருது அல்ல என்ற பொருளில் கென்னடி பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

வரியைத் திட்டிய அந்தப் புத்தகத்துக்கு வந்த ராயல்டியும் சட்டப்படி வருமானம்தான்.